அவரவர் செருப்பு

வெட்கப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் இரண்டாவது அடி மறந்துபோய், கும்பிட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கியிருக்கிறேன். கண்டி சந்தையில் யாரோ ஒருவருடைய முதுகைத் தட்டி "அப்பா, போவமா?" என்று கேட்டிருக்கிறேன். அவையெல்லாம் ஆறிப்போய்ச் சிரிப்பாகிவிட்டன. ஒன்று மட்டும் ஆறவில்லை. சமையலறையில் தனியாக நிற்கும்போது அது நினைவுக்கு வந்தாலும் காதுமடல் சுடுகிறது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கார்மண்ட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மேல்மாடி முழுக்கத் தையல் மெஷின்கள். அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். சுற்றுவட்டத்துச் சிங்களப் பெண்கள், மடவளையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் முஸ்லிம் பெண்கள், பன்வில தேயிலைத் தோட்டங்களிலிருந்து விடியமுன் பஸ் ஏறி வரும் நம்முடைய பெண்கள். அவர்களுக்குத் தீப்பிடித்தால் எப்படி வெளியே போவது, ஊசி விரலில் ஏறினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கும் சேஃப்டி உத்தியோகத்தில் இருந்தவர் மட்டும் ஆண். பொலிஸில் சார்ஜனாக இருந்து ஓய்வுபெற்றவர். விசில் ஒன்று கழுத்தில் தொங்கும். அவர் ஒத்திகை நடத்தினால் விசில் ஊதுவார், முன்வரிசைப் பெண்கள் கொஞ்சப் பேர் கீழே போய்விட்டு வருவார்கள், அவர் தேநீர் குடிப்பார். அவ்வளவுதான் ஒத்திகை.

அவர் வேலையை விட்டுப் போனதும் அந்த இடத்துக்கு என்னைப் போடச் சொன்னவர் எங்கள் பெர்சனல் மேடம். ஆட்களை வேலைக்கு எடுப்பது, லீவு கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷத்துக்கு மேலாகியும் அவருடைய பேச்சில் ஓர் எழுத்துக்கூட மலையேறவில்லை. நான் அப்போது அவருடைய அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சேஃப்டிக்கு உம்மைச் சொல்லப்போறன். செய்வீரோ?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதே மேடம்."

"சார்ஜனுக்கு மட்டும் தெரிஞ்சதோ? படியும். கொழும்பில வகுப்பு இருக்கு, நான் அனுப்புறன்."

அனுப்பவும் செய்தார். தொழிற்சாலை மேலாளர் ஒரு சிங்கள மகத்தயா. நல்ல மனிதர், பெண்கள் மீது இரக்கமுள்ளவர். அந்த இரக்கம்தான் தொல்லையே. மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், கத்த வேண்டும், எலெக்ட்ரீஷியன்களோடு மல்லுக்கட்ட வேண்டும், பாவம் இந்தப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்றார். மேடம் விடவில்லை. கடைசியில் பரீட்சார்த்தமாகச் சில மாதம் பார்ப்போம், வெளிநாட்டிலிருந்து பரிசோதகர் வரும்போது ஒத்திகை சரியாக நடந்தால் நிரந்தரம் என்று முடிவானது. வீட்டில் அப்பா, மாநகர சபையில் கிளார்க்காக இருந்தவர், உறவுக்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வதென்று தடுமாறினார். பெரியம்மா ஒருவர் நான் கேட்டில் காவலுக்கு நிற்பதாகவே நினைத்துக்கொண்டு, "வயசுப் பிள்ளய ராவுல கேட்டுல நிக்கவுடலாமா?" என்று அம்மாவிடம் சண்டை பிடித்தார்.

நான் செய்த முதல் காரியம் செருப்புத் தட்டு.

தையல் மாடியில் செருப்புப் போடக்கூடாது. மழைக்காலத்துச் சேறு வெள்ளைத் துணியில் பட்டால் உருப்படி வீண். ஆகவே எல்லோரும் முன்பக்க மாடிப்படியின் அடியில் செருப்பைக் கழற்றிக் குவித்துவிட்டு ஏறுவார்கள். மாலையில் அந்தக் குவியலைக் கிண்டும்போது ஒரே ரகளை. அடிக்கடி களவும் போகும். பின்பக்கம் இன்னொரு படி உண்டு, தீப்பிடித்தால் இறங்குவதற்கென்று கட்டியது. அதன் மேல்முனையில், கதவுக்கு வெளியே, அகலமான ஒரு தளம் சும்மா கிடந்தது. தச்சரைப் பிடித்து அங்கே ஒரு பெரிய தட்டு அடிக்க வைத்தேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு இலக்கம். முதலாம் பெட்டி எனக்கு. மேலே "அவரவர் செருப்பு அவரவர் பொறுப்பு" என்று தமிழில் பெரிதாக எழுதி, அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். எதுகை தானாக வந்து விழுந்ததில் எனக்கு மெத்தப் பெருமை. அன்றுமுதல் எல்லோரும் பின்படி வழியாகத்தான் ஏறி இறங்கினார்கள்.

மேலாளர் பார்த்துவிட்டு, "ஒரு பெண் வந்தாலே இடம் எப்படி மாறிவிடுகிறது பாருங்கள்" என்று சிங்களத்தில் சொல்லி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். கல்யாண வீட்டில் கோலத்தைப் புகழ்வதுபோல என்னைப் புகழ்ந்தார்கள். நானும் உச்சி குளிர்ந்தேன். தீயணைப்புக் குழாயை நான் மாற்ற வைத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இருக்கவில்லை. சுத்தமான பிள்ளை என்ற பெயர் போதுமாக இருந்தது.

மேடம் மட்டும் அந்தத் தட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இது கதவுக்குக் கிட்ட இல்லையோ?" என்றார்.

"கதவுக்கு வெளியதானே மேடம். வழிய மறைக்காது."

"உமக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையில் வழியை மறைக்கவில்லை. நானே அளந்து பார்த்துத்தான் வைத்தேன். தட்டை அளந்த எனக்கு ஆட்களை அளக்கத் தோன்றவில்லை.

பரிசோதகர் வந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி, நடுத்தர வயது, பேச்சுக் குறைவு. அவரும் மேலாளரும் மேடமும் பின்பக்கச் சரளைக்கல் முற்றத்தில் நின்றார்கள். ஒத்திகையில் எல்லோரும் வந்து கூட வேண்டிய இடம் அது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் மேலே மணியை அடித்தேன்.

தொடக்கம் அருமை. மெஷின்களை நிறுத்தினார்கள், கதிரைகளை உள்ளே தள்ளினார்கள், ஓடாமல் வரிசையாக நடந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பாதிப்பேர் முன்படி, பாதிப்பேர் பின்படி என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். முன்படிக்குப் போக வேண்டியவர்கள் மாடியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பின்படிக்கு வந்தபோதுதான் எனக்கு எதுவோ உறைத்தது. செருப்பு அங்கேதானே இருக்கிறது!

கதவைத் தாண்டிய முதல் பெண் நின்றாள். குனிந்தாள். தன் இலக்கத்தைப் பார்த்துச் செருப்பை எடுத்து, கீழே போட்டு, வலது காலை நுழைத்து, இடது காலை நுழைத்து, பிறகு படியில் கால் வைத்தாள். அடுத்தவளும் அப்படியே. வரிசை கதவுவரை தேங்கி, கதவுக்குள்ளே பின்வாங்கி, மெஷின்களுக்கிடையே நெருக்கியடித்தது. யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒலிபெருக்கியை வாயில் வைத்துக் கத்தினேன்.

"செருப்ப விடுங்க! அப்புடியே இறங்குங்க! நெருப்புன்னு நெனச்சுக்குங்க!"

மடவளைப் பெண் ஒருத்தி, ஒரு வரிசைக்குத் தலைவி, செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். "பெருநாளைக்கு வாப்பா வாங்கித் தந்தது மிஸ். உட்டுட்டு எப்பிடி வார?"

பக்கத்திலிருந்த பன்வில பெண் கையை நீட்டித் தட்டின் மேலே காட்டினாள். "நீங்கதானே மிஸ் எழுதிப் போட்டிருக்கீங்க, அவங்கவங்க பொறுப்புன்னு."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். இதே மாடியில் புகை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கணத்தில் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்தது. என் அழகான தட்டு, என் எதுகை, என் இலக்கங்கள்.

ஒருவழியாக எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக வெளியேற வேண்டியவள் நான். கழிப்பறைகளைத் தட்டிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. இந்த ஒன்றையாவது முறைப்படி செய்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கதவைச் சாத்தி, படியிறங்கி, முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன்.

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

என் காலில் செருப்பு இருந்தது. முதலாம் பெட்டியிலிருந்து எடுத்ததும் போட்டதும் எனக்கு நினைவே இல்லை. வாசலைத் தாண்டும்போது செருப்பைத் தேடும்படி பிறந்ததிலிருந்து பழகிய கால், என்னைக் கேட்காமலே தேடிக்கொண்டது. மடவளைப் பெண் பார்த்தாள், பன்வில பெண் பார்த்தாள், வரிசை வரிசையாகப் பார்த்தார்கள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரிசோதகர் மேலே ஏறிப்போய் அந்தத் தட்டைப் பார்த்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்து, அதைப் படம் பிடித்துக்கொண்டார். பூமி பிளந்து விழுங்காதா என்று சொல்வார்களே, நான் கீழே இருந்த சரளைக்கல்லைப் பார்த்து உண்மையாகவே அப்படி வேண்டினேன்.

அவர் போன பிறகு மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் பேசினார், மேடம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஆனால் எனக்கு எல்லாமே தமிழில்தான் நினைவிருக்கிறது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். "பரவாயில்லை, பெண்களுக்குச் செருப்பென்றால் ஆசைதானே" என்று சிரித்தார். ஒழுங்கும் சுத்தமும் எனக்கு நன்றாக வருகிறது, ஆகவே துப்புரவுக்கும் கெண்டீனுக்கும் பொறுப்பாக என்னைப் போடலாம், சம்பளம் குறையாது, அடுத்த மாதத்திலிருந்து சேஃப்டிக்கு ஓர் ஆணைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மேடம் கதிரையின் நுனிக்கு வந்தார். அவர் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"சார்ஜன் இருந்த காலத்தில முழுப்பேரும் இறங்கி ஒருநாளும் பார்த்தீங்களோ? ஒருநாளும் இல்லை. அது சார்ஜன்ர பிழை. இவ பிழைவிட்டா மட்டும் அது பொம்பிளையளின்ர பிழையோ? பிழை தெரிஞ்சிட்டுது, திருத்துவா. இந்த வேலைக்கு இவதான் சரி. இவவுக்கு இதில விருப்பமும் இருக்கு."

மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மிஸ் என்ன சொல்கிறீர்கள்? உங்களுக்கு எது வேண்டும்?"

எங்கள் வீட்டில் பெண்பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் சொல்வதற்கு ஒரு பதில் உண்டு. தேத்தண்ணியா கோப்பியா என்று கேட்டாலும் அதுதான், தீபாவளிக்கு நீலமா பச்சையா என்றாலும் அதுதான், மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்றாலும் அதுதான். நல்ல வளர்ப்பு என்று ஊர் மெச்சும். அந்தப் பதில் என் வாயில் தயாராக இருந்தது. அன்றைக்கு அதற்குள் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். துப்புரவு என்றால் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். யாரும் சாகவும் மாட்டார்கள்.

"எதுன்னாலும் சரி சேர்" என்றேன்.

மேடம் கதிரையில் பின்னால் சாய்ந்தார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி மேலாளர் மேசையைத் தட்டினார்.

வெளியே தாழ்வாரத்தில் மேடம் எனக்கு முன்னால் நடந்தார். மாடிப்படி வந்ததும் நின்றார். "அவர் சொன்னதுக்கெல்லாம் என்னட்ட பதில் இருந்தது" என்றார். "நீர் சொன்னதுக்குத்தான் இல்லை." அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர என்னோடு அவர் கதைக்கவில்லை.

செருப்போடு நின்றதற்கு நான் பட்ட வெட்கம் ஒரு வாரத்தில் தேய்ந்துபோனது. இது தேயவில்லை. ஒரு மனுஷி தன் மரியாதையை முன்னால் வைத்து எனக்காக வழக்காடும்போது, எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்னவள் நான். அதுவும் பயந்து சொல்லவில்லை, பணிவாகச் சொன்னேன். வீட்டில் அப்பா "துப்புரவுன்னா கௌரவமான வேலதானே, வெயில் மழை இல்லாம" என்று சந்தோஷப்பட்டபோது, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அவருக்குக் காரணம் விளங்கவில்லை. எனக்கே என் மேல்தான் ஆத்திரம்.

மாதம் முடியும்வரை அந்த உத்தியோகம் என்னிடம்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் மேலாளரிடம் போய், இன்னொரு தடவை ஒத்திகை வைக்க அனுமதி கேட்டேன். வேலையைத் திருப்பிக் கேட்க நாக்கு வரவில்லை, ஒத்திகையைத்தான் கேட்டேன். "வைத்துக்கொள்ளுங்கள், போவதற்கு முன் உங்கள் ஆசைக்கு" என்றார்.

தட்டைக் கழற்றி, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த சைக்கிள் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து மாடிப்படிவரை சீமெந்துப் பாதை உண்டு, அதைக் கழுவ வைத்தேன். எழுதி ஒட்டியதை நானே கிழித்தேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் கெண்டீனில் ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று, தமிழிலும் என்னுடைய உடைந்த சிங்களத்திலும் சொன்னேன். "பிழை என்னோடது. நெருப்பு வந்தா இறங்குற வழியில செருப்பக் கொண்டுபோய் வெச்சது நான்தான். திரும்ப மணி அடிப்பேன், எப்பன்னு சொல்லமாட்டேன். வெறுங்காலோட இறங்குங்க. கல்லு குத்தும். நானும் வெறுங்காலோடதான் வருவேன்."

"கல்லெல்லாம் எங்களுக்குப் பெருசா மிஸ்?" என்று பன்வில பெண் சத்தம் போட்டாள். "அட்ட கடிச்சா மட்டும் மருந்து தருவீங்களா?" கெண்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

மணி அடித்தது ஒரு மழை நாளில். வேண்டுமென்றேதான் அப்படிப்பட்ட நாளைப் பார்த்தேன். அவர்கள் வந்தார்கள். பாதி முன்படி, பாதி பின்படி. ஒருத்தியும் நிற்கவில்லை. மடவளைப் பெண் உடுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் வரிசையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். நான் கழிப்பறைகளைத் தட்டிவிட்டுக் கடைசியாக இறங்கினேன். படியின் கடைசிக் கல்லில் நின்று என் காலைக் குனிந்து பார்த்தேன். வெறுங்கால்.

சரளைக்கல் முற்றத்தில் எல்லோரும் மழையில் நின்றார்கள். மேலாளர் குடையோடு நின்றார். அலுவலகக் கட்டடத்திலிருந்து மேடம் வந்துகொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் யாரும் செருப்பைக் கழற்றத் தேவையில்லை. குதியுயர்ந்த கறுப்புச் சப்பாத்து இல்லாமல் அவரை நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வெறுங்காலோடு வந்து பெண்களின் வரிசையில் ஓரமாக நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மேலாளர் சுற்றிப் பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "இது நன்றாக இருக்கிறது மிஸ்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். "இனி என்ன செய்வது? நீங்கள் எதுவென்றாலும் சரி என்றீர்களே."

மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் எல்லாப் பதிலும் இருந்தது என்று எனக்குத் தெரியும். மழைத்தண்ணீர் கண்ணாடியில் வழிய நின்றார்.

"அது பொய் சேர்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "எதுன்னாலும் சரின்னு இல்ல. எனக்கு சேஃப்டிதான் வேணும்."

வேணும் என்ற சொல்லை என் வாழ்க்கையில் எனக்காக நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் உடுப்பில்லாமல் நிற்பதுபோலக் கூசியது. மேலாளர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு "ஹரி" என்றார். அவ்வளவு இலகுவாக இருந்தது அது. முதல் தடவையே கேட்டிருந்தால் முதல் தடவையே அதைச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

மேடத்தைப் பார்த்தேன். இப்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது காலைத் தூக்கி வலது காலின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். குதியில் கல் கிழித்து இரத்தம் கசிந்து மழையில் கரைந்துகொண்டிருந்தது.

"பேரைக் கூப்பிடும்" என்றார். "கால் நோகுது."

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன், ஒவ்வொருத்தியும் குரல் கொடுத்தாள். கடைசியில் அவர் பெயரையும் கூப்பிட்டேன். "ஓம்" என்றார். அறைக்குள்ளே கதிரையில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லியிருக்கக்கூடிய 'வேணும்' என்ற ஒரு சொல்லைக் கேட்க, அவர் அந்தக் கல்லின்மேல் நடந்து வர வேண்டியிருந்தது.